தும்பு பிடித்த கை

நுழையும்முன்

கருவிகள் நம் வாழ்வை எளிதாக்குகின்றன. அக்கருவிகளைத் தாங்கிப் பிடிக்கும் கைகளோ பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. தந்தையின் திறன்பேசியையே மடிக்கணினிக்கு இணைய இணைப்பாகக் கொண்டு மேற்படிப்புக்கு வழிதேடிய நாள்களை நினைவுகூர்கிறது இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் அப்பா வந்தால்தான் இணையம் வரும். மாலை ஆறரை மணியளவில் தெருமுனையில் மிதிவண்டி மணி கேட்கும். கொத்து வேலை முடித்து வந்த களைப்போடு கைகால் கழுவிவிட்டுத் திண்ணையில் அமர்வார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நெகிழிப் பையை எடுப்பார். சிமெண்டுத் தூசு படியாதிருக்க அதற்குள் மடித்து வைத்திருக்கும் திறன்பேசியை என்னிடம் நீட்டுவார். அதன்பிறகே எங்கள் மடிக்கணினிக்கு வெளியுலகம் என்று ஒன்று இருப்பது தெரியவரும்.

அது 2018 ஆம் ஆண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தேன். மடிக்கணினி, அக்கா பள்ளியில் படித்தபோது அரசு விலையின்றி வழங்கியது. எழுதவும் கணக்கிடவும் அது பயன்பட்டது. ஆனால், இணையம் இல்லாமையால் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவைப் போல வீட்டுக்குள்ளேயே கிடந்தது. எங்கள் தெருவுக்கு இணையக் கம்பி வந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி அப்பாவுடையது. மறுநாள் எந்த ஊரில் வேலை என்று மேஸ்திரி சொல்வதும், மணல் வந்து சேர்ந்ததா என்று வீடு கட்டுபவர் கேட்பதும் அதில்தான். ஆதலால், பகலில் அதை வீட்டில் விட்டுச்செல்ல அவரால் இயலாது.

அந்த ஆண்டில்தான் பொறியியல் படிப்புக்கான கலந்தாய்வு முதன்முறையாக இணையவழியில் நடந்தது. அதற்கு முன்னர், மாணவர்கள் பெற்றோருடன் சென்னைக்குச் சென்று அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கல்லூரியைத் தெரிவுசெய்ய வேண்டும். இனி அந்தப் பயணம் வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தலாம் என்றார்கள். பயணச்செலவு மிச்சம் என்று அம்மா மகிழ்ந்தார். ஆனால், கல்லூரிக் குறியீட்டு எண்களும் பாடப்பிரிவுகளும் கொண்ட அந்த நெடும்பட்டியலைத் திறன்பேசியின் சிறுதிரையில் ஒழுங்குபடுத்துவது எளிதாக இல்லை. விரல் சற்றே பிசகினால் ஒரு வரி மேலே போய்விடும். மற்றொரு வரி காணாமற்போய்விடும். வரிசை மாறினால் வாழ்க்கையே மாறிவிடும் என்னும் அச்சம் எனக்கு.

என் தவிப்பைக் கேட்ட கணினி ஆசிரியர், "அப்பாவின் திறன்பேசியையே மடிக்கணினிக்கு இணைப்பாக்கிக்கொள், அம்மா" என்று கூறி, அதற்கான வழிமுறையை ஒரு தாளில் எழுதித் தந்தார்.

இரவல் முகவரி

திறன்பேசி, கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பெற்று இணையத்தோடு இணைகிறது. பெற்றதைத் தானே ஒரு சிறு கோபுரமாகி அருகிலிருக்கும் கருவிக்கும் அதனால் வழங்க முடியும். கம்பி வழியாக வழங்கலாம். ஊடலை எனப்படும் புளூடூத் வழியாக வழங்கலாம். அருகலை எனப்படும் வைஃபை வழியாகவும் வழங்கலாம். இம்மூன்றாவது வழியையே ஹாட்ஸ்பாட் என்கிறோம். ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் 2010 இல் வெளிவந்த 2.2 ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளிணைக்கப்பட்டே வந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மடிக்கணினிக்குத் திறன்பேசி வழங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அக்கணினி கேட்பதையெல்லாம் திறன்பேசி வாங்கி, தன் முகவரியிட்டு வெளியே அனுப்பும். விடை வந்ததும் யாருக்குரியது என்று பார்த்து உள்ளே கொடுக்கும். முன்பெல்லாம் எங்கள் தெருவில் பலருக்கும் மளிகைக்கடை முகவரிக்கே கடிதம் வரும். அஞ்சல்காரர் கடையோடு நின்றுவிடுவார். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பது கடைக்காரருக்குத் தெரியும். அப்பாவின் திறன்பேசியும் அத்தகைய கடைக்காரர்தான்.

இவ்வாறு ஒரு கருவியை மற்றொன்றோடு பிணைப்பதை ஆங்கிலத்தில் டெதரிங் என்பர். மாட்டைக் கயிற்றால் முளையில் கட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. நான் சொல்லக் கேட்டு அப்பா சிரித்தார். "தும்பில் கட்டுவதா? அப்படியானால் இதில் எது மாடு, எது முளை?" என்றார்.

அப்பாவின் ஐயம்

சிரித்து முடித்தவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஏம்மா, போனுக்கென்று கட்டிய பணத்தில் கணினியை ஓட்டுகிறோமே, அது தப்பில்லையா?" என்று கேட்டார். வேலை முடிந்த இடத்தில் மிஞ்சும் ஒரு பிடிச் சிமெண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் அவர். அவர் கேட்டதில் வியப்பில்லை. விடை தெரியாமல் நான்தான் விழித்தேன். அவர் பெற்றிருந்த திட்டத்தின் விதிகளைத் தேடிப் படித்தேன். தடையேதும் இல்லை என்று காட்டிய பிறகே அவர் முகம் தெளிந்தது.

அவருடைய கேள்வி எளிய கேள்வி அன்று என்பதைக் கல்லூரிக்குச் சென்றபின் அறிந்தேன். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள திசைவி ஒவ்வொன்றும் அவ்வெண்ணில் ஒன்றைக் குறைக்கும். ஆண்ட்ராய்டு திறன்பேசியிலிருந்து புறப்படும் பொட்டலம் பொதுவாக 64 என்னும் எண்ணோடு கிளம்பும். விண்டோஸ் கணினியினுடையது 128 என்னும் எண்ணோடு கிளம்பித் திறன்பேசியைக் கடக்கையில் 127 ஆகும். அந்த வேறுபாட்டைக் கொண்டே பின்னால் வேறொரு கருவி ஒளிந்திருப்பதைச் சேவை நிறுவனம் ஊகிக்க முடியும்.

அமெரிக்காவில் சில நிறுவனங்கள் இவ்வசதிக்குத் தனிக்கட்டணம் வாங்கின. அளவின்றிப் பயன்படுத்தும் திட்டங்களைத் திறன்பேசியின் தேவையை மட்டும் கருதியே விலையிட்டோம் என்பது அவற்றின் வாதம். இலவசமாகப் பிணைக்க உதவும் செயலிகளைச் செயலிக் கடையிலிருந்து விலக்குமாறு கேட்டது தொடர்பாக, வெரைசன் ஒயர்லெஸ் நிறுவனத்தை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் விசாரித்தது. 2012 ஜூலையில் அந்நிறுவனம் 12.5 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அளவிட்டு விற்கும் திட்டங்களில் இச்செயலிகளைத் தனிக்கட்டணமின்றிப் பயன்படுத்தவும் இசைந்தது. அளந்து வாங்கிய நீரைக் குடத்தில் ஊற்றினால் என்ன, செம்பில் ஊற்றினால் என்ன? அப்பா திண்ணையில் அமர்ந்து கேட்ட கேள்வியை ஒரு நாட்டின் ஆணையமும் ஆராய்ந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குப் பெருமிதமாக இருந்தது.

தும்பும் வாலும்

முதல்நாள் இரவே பாடம் ஒன்று கற்றேன். இணைப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினால், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த மடிக்கணினி, எவரையும் கேளாமல் தன் இயக்க மென்பொருளைப் புதுப்பிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைய பங்காகிய 1 ஜிபி தரவு முழுவதையும் அது விழுங்கிவிட்டது. பங்கு தீர்ந்தபின் கிடைத்த வேகமோ நத்தையின் வேகம். அப்பா கடிந்துகொள்ளவில்லை. "தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கூடாதம்மா" என்றார் அவ்வளவே.

அதன்பின் அளவுக்குட்பட்ட இணைப்பு என்று மடிக்கணினியில் குறித்துவைத்தேன். தானாகப் புதுப்பித்துக்கொள்வது நின்றது. அயலார் நுழையாதவாறு கடவுச்சொல் இட்டேன். வேண்டாத படங்களை மூடினேன். எதைத் தேடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு அமர்ந்தேன். குறைவாகக் கிடைத்ததாலேயே இணையத்தைக் கூர்மையாகப் பயன்படுத்தக் கற்றேன்.

மற்றொரு தடையும் இருந்தது. யாரேனும் அப்பாவை அழைத்தால் எங்கள் இணையம் நின்றுவிடும். அந்தத் திறன்பேசியில், அழைப்பு வரும்போது இணைப்பு பழைய அலைவரிசைக்கு இறங்கிவிடும்; பேசி முடிக்கும்வரை தரவு வராது. பாதி நிரப்பிய பக்கம் அப்படியே உறைந்துபோய், மீண்டும் முதலிலிருந்து உள்நுழைய வேண்டியிருக்கும். இரண்டு முறை இப்படி நேர்ந்ததை அப்பா பக்கத்திலிருந்து பார்த்திருந்தார்.

அந்த இரவு

விருப்பப் பட்டியலை உறுதிசெய்ய மறுநாள் வரை காலம் இருந்தது. ஆனால், விடிவதற்கு முன்பே அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆகையால், எங்களைப் பொறுத்தவரை அன்றிரவே கடைசி இரவு.

வீட்டுக்குள் அலை சரியாகக் கிடைக்காது. கொல்லையில் துவைகல்லின்மேல் வைத்தால் நன்றாகக் கிடைக்கும். மடிக்கணினியின் மின்கலமோ பழையது. மின்கம்பியை விட்டு அதை நகர்த்த முடியாது. எனவே, நான் பின்வாசற்படி ஓரம் மடிக்கணினியோடு அமர்ந்தேன். பத்தடி தொலைவில் துவைகல்லின்மேல் திறன்பேசி இருந்தது. அதனருகில் ஒரு முக்காலியில் அப்பா அமர்ந்திருந்தார். அலையை வாங்கி வழங்கி அந்தச் சிறுகருவி கொதித்தது. குழந்தைக்கு வீசுவதுபோல் பனையோலை விசிறியால் அதற்கு அவர் வீசிக்கொண்டிருந்தார்.

பட்டியலை ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தேன். உறுதிசெய்யும் வேளையில் திரை அசையாது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். துவைகல்லின்மேல் திறன்பேசி ஒளிர்ந்து அதிர்ந்தது. அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழைப்பைத் துண்டித்தார். இணையம் திரும்பியது. நான் உள்நுழைந்துகொண்டிருக்கையில் மீண்டும் அது அதிர்ந்தது. மீண்டும் துண்டித்தார். மூன்றாம் முறை அது ஒலிக்கவில்லை. என் பட்டியல் ஏற்கப்பட்டது என்னும் செய்தி திரையில் தோன்றியது. "முடிந்ததா?" என்று கேட்டுவிட்டுத் திறன்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குச் சென்றார். அவர் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. என் மகிழ்ச்சியில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வேலை இல்லையா என்று கேட்டதற்கு, "உடம்பு அசதி" என்றார். நான் கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோதுதான் அம்மா சொன்னார். அன்றிரவு அழைத்தவர் மேஸ்திரி. பக்கத்து ஊரில் மூன்று மாதம் நீடிக்கும் வீட்டுவேலை. இரண்டு முறை துண்டிக்கப்பட்டதும் அவர் வேறொருவரை அழைத்து வேலையைக் கொடுத்துவிட்டார். அப்பா திரும்ப அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "வேலை இன்னொன்று வரும், அந்தப் பக்கம் மறுபடி திறக்காதே" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

இன்று எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது. அப்பா வெளியில் இருந்தாலும் வீட்டில் இணையம் இருக்கிறது. அந்தப் பழைய திறன்பேசி அலமாரியில் நெகிழிப் பைக்குள் உறங்குகிறது. தும்பில் எது மாடு, எது முளை என்று அப்பா கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போது விடை தெரியும். பிணைக்கப்பட்டவை இரண்டு கருவிகள். அசையாமல் நின்ற முளை அவர்.

சென்ற ஆண்டு தொடர்வண்டியில் வந்துகொண்டிருந்தேன். எதிரிருக்கையில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கலங்கிய முகத்தோடு அமர்ந்திருந்தாள். அவளுடைய தரவு தீர்ந்திருந்தது. "அக்கா, ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். உங்கள் ஹாட்ஸ்பாட் கொஞ்சம் தர முடியுமா?" என்று தயங்கிக் கேட்டாள். கடவுச்சொல்லைச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் எனக்கோர் அழைப்பு வந்தது. இக்காலத் திறன்பேசிகளில் அழைப்பு வந்தாலும் இணையம் அறுவதில்லை. அதை நன்கறிந்திருந்தும், என் விரல் தானாகச் சென்று அவ்வழைப்பைத் துண்டித்தது.