உழைச்செல்வார்

விழாக் காலத்தே கல்லூரி மலர்கள் தம் பழைய மாணவரை எண்ணிப் பார்த்தல் வழக்கம். மருத்துவர் எத்துணையர், பொறியியலாளர் எத்துணையர், வழக்கறிஞர் எத்துணையர் என்று பெருமிதத்தோடு கணக்கிடுவர். அக்கணக்கில் அரிதாகவே இடம்பெறும் ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

அவர் எம்மிடம் தமிழ் பயின்றவர். பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். "ஆண்மகன் தாதித் தொழிலுக்குச் செல்வதா?" என்று அயலார் அன்று நகைத்தனர். இன்று அவர் ஊவா மாகாண அரசினர் வைத்தியசாலையொன்றில் விடுதிப் பொறுப்புத் தாதி.

எம் தந்தையார் நோயுற்று அவ்விடுதியிற் கிடந்தபோது அவர்தம் பணியை அருகிருந்து கண்டோம். காலையில் இரவுக் கடமையாளரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கேட்டறிவார். பூட்டி வைத்த மருந்துகளை எண்ணி ஏட்டிற் பதிவார். மருத்துவரோடு கட்டில்தோறும் செல்வார். இளந்தாதியருக்குக் கடமை வகுப்பார். கழுவும் தொட்டியின் துப்புரவையும் நோக்குவார்.

ஒருநாள் மடுல்சீமைப் பக்கத்து முதியவர் ஒருவர், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றார். இளம் மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. "கரிக்குதா தாத்தா, அடைக்குதா?" என்று வினவினார் எம் மாணவர். "அடைக்குதுங்க" என்றார் முதியவர். அச்சொல் சிங்களத்தில் மருத்துவரைச் சேர்ந்த மறுகணமே ஈ.சி.ஜி. கருவி வந்தது. கரித்தலுக்கும் அடைத்தலுக்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாதலை அன்று உணர்ந்தோம்.

கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் பிறந்தது. சட்டம் மருந்தைக் கொணரலாம். நோயாளியின் மொழியறிந்த மனிதரைக் கல்வியே தருதல் வேண்டும்.

"இத்தொழிலில் மனநிறைவு உண்டோ?" என்று அவரைக் கேட்டோம். "இரவுக் கடமையில் கால் வீங்கும், ஐயா, சம்பளமும் கைக்கும் வாய்க்குமே சரி. ஆனால், தூக்கி வந்தவர் தாமே நடந்து வீடு போகையில் வாசல்வரை கூடப் போவேன். அது போதும்" என்றார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்திருந்து பணிசெய்பவனே உழைச்செல்வான். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவியது 1860ஆம் ஆண்டில். அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே வள்ளுவர் தாதியை மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணினார்.

மருத்துவ பீடத்துக்குரிய புள்ளி கிட்டாவிடின் வாழ்வே முடிந்ததென ஏங்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அன்பர்காள், வாயில் ஒன்றன்று. தமிழோடு சிங்களமும் செவ்வனே பயின்று செல்லுங்கள்; வலியைச் சொல்லத் தம் மொழியன்றி வேறறியாதார் நும் வரவை நோக்கிக் கட்டில்களிற் கிடக்கின்றனர்.