அனுப்பியாச்சு, ஆனா போய்ச் சேரலை

எஸ்.எம்.டி.பி. என்று எழுதினாலே பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் இருங்க. இது கணினி ஆசாமிகளுக்கு மட்டுமான பதிவு இல்லை. சொந்தமாக ஒரு தளம் வைத்து, அதில் 'தொடர்பு கொள்ள' என்று ஒரு படிவம் வைத்திருக்கிற எல்லாருக்கும் உதவும். நிரப்பி முடித்ததும் "மடல் அனுப்பப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வருகிறதே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் விஷயம்.

புதுக்கோட்டைப் பக்கம் என் தாய்மாமா இருக்கார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட வேலை பார்த்தவங்க நாலைந்து பேரைச் சேர்த்துக்கிட்டு சின்னதா ஒரு அறக்கட்டளை நடத்துறார். பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கு முதல் வருஷ காலேஜ் ஃபீஸ் கட்டுவாங்க. விண்ணப்பமெல்லாம் இணையத்தில்தான். படிவத்தை நிரப்பினதும் பிள்ளையோட மின்னஞ்சலுக்கு ஒரு சுட்டி போகும். அதை அமுக்கி உறுதி பண்ணினால்தான் விண்ணப்பம் கணக்கில் வரும். 2024 ஜூனில் 146 பேர் நிரப்பியிருந்தாங்க. உறுதி பண்ணினது 11 பேர். கடைசி நாளுக்கு இன்னும் அஞ்சே நாள்.

கமிட்டிக்காரங்க என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறை கிடையாது சார். ஒரு மெயிலைத் திறந்து பாக்கக்கூட சோம்பல். இதுங்களுக்கு எதுக்கு நாம குடுக்கணும்?"

மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கலை. போன் பண்ணினார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்லயே கெடக்குறவன். ஒருதரம் பாத்துச் சொல்லிடுப்பா. கோளாறு ஒண்ணும் இல்லன்னா இந்தப் பதினோரு பேருக்கே குடுத்து முடிச்சுடறோம்."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தோமே. ஆபீஸ் மெயிலைக் குடுத்துப் பாத்தோம். அஞ்சு செகண்டுல வந்துச்சு."

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆபீஸ் மெயில் என்றால் அறக்கட்டளையின் சொந்த டொமைன். தளம் இருக்கிற அதே சர்வரில்தான் அந்த அஞ்சல்பெட்டியும். அந்த மடல் சர்வரை விட்டு வெளியே போகவே இல்லை. தபால் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் தனக்கே கடிதம் எழுதி, முத்திரை குத்தி, தானே கையில் வாங்கிக்கொள்கிற மாதிரி. அதை வைத்து மதுரைக்குத் தபால் போகிறதா என்று எப்படிச் சொல்வது?

"மாமா, அந்த 146 பேர் முகவரியையும் ஜிமெயில் தனி, மத்தது தனின்னு பிரிச்சு அனுப்புங்க" என்றேன். ராத்திரியே அனுப்பிவிட்டார். ஜிமெயில் 131, மற்றவை 15. உறுதி செய்த 11 பேரும் அந்தப் பதினஞ்சுக்குள்ளே இருந்தாங்க. ஜிமெயில்காரர் ஒருத்தர்கூட இல்லை. 131 பேருக்கு ஒரே நேரத்தில் சோம்பல் வருமா என்ன? :-)

அடுத்து தளத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். பி.எச்.பி.யின் பழைய மெயில் கட்டளைதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அது 'சரி' என்று சொன்னால், உள்ளே இருக்கிற அஞ்சல் நிரல் மடலை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கப்புறம் போனதா, திரும்பியதா என்பது அதற்குத் தெரியாது. தளம் அந்த 'சரி'யைப் பார்த்துவிட்டுப் பச்சை எழுத்தில் சந்தோஷப்படுகிறது.

அப்போ திரும்பிய மடல்கள் எங்கே? ஒரு மின்மடலுக்கு இரண்டு அனுப்புநர் உண்டு. உள்ளே லெட்டர்பேடில் இருக்கும் பெயர் ஒன்று, நாம் திரையில் பார்ப்பது. உறையின் மேல் எழுதியிருக்கும் பெயர் இன்னொன்று, நம் கண்ணில் படாது. மடல் திரும்பினால் உறையில் உள்ள முகவரிக்குத்தான் வரும். இங்கே உறையில் இருந்தது ஹோஸ்டிங் கணக்கின் பயனர் பெயர். அதற்கும் ஒரு அஞ்சல்பெட்டி இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. திறந்தால், குவிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே பதில்: 550 5.7.26. அனுப்புகிறவர் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை, அதனால் வாங்கமாட்டேன்.

"போன வருஷம் ஒழுங்காப் போச்சே, இப்ப நாம எதையும் மாத்தலையே" என்றார் மாமா. நியாயமான கேள்வி. மாறியது எதிர்ப்பக்கம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாருமே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதி கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும். யாஹூவும் அதே சமயத்தில் இதே மாதிரி விதி போட்டது. எஸ்.பி.எஃப். என்பது "என் பெயரில் கடிதம் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் உரிமை" என்று டொமைனின் டி.என்.எஸ்.ஸில் ஒட்டிவைக்கும் அறிவிப்பு. டி.கே.ஐ.எம். என்பது மடலின் மேல் போடும் அரக்கு முத்திரை. மாமாவின் டொமைனில் இரண்டுமே இல்லை. ஆண்ட்ராய்டு போன் வாங்கினாலே கூகுள் கணக்கு கேட்கும். பிள்ளைகள் எல்லாரிடமும் ஜிமெயில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, வியாதி தெரிந்துவிட்டது. மருந்து? தளம் நேராக எஸ்.எம்.டி.பி. வழியாக, அறக்கட்டளையின் சொந்த முகவரியில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய் அனுப்ப வேண்டும். தளத்தை அமைத்த தம்பி ஏற்கெனவே இதை முயன்று, "தொங்கிக்கிட்டே இருக்கு" என்று கைவிட்டிருந்தார். அமைப்பைப் பார்த்தால் போர்ட் 465, பக்கத்தில் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். இது ரொம்பப் பேரைப் படுத்துகிற சேர்க்கை. 465இல் முதல் நொடியிலேயே பூட்டு போட்டுத்தான் பேச்சு. 587இல் வெளிப்படையாக வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் பூட்டு. 465இல் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். போட்டால், சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று தளம் காத்திருக்கும். தளம் பூட்டை எடுக்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு வீட்டாரும் "நீங்க சொல்லுங்க" என்று உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

587, ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்று மாற்றியதும் தொங்கல் போனது, 535 வந்தது. 535 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை. பயனர் பெயர் கட்டத்தில் முழு முகவரி இல்லாமல், முன்பாதி மட்டும் இருந்தது. முழுசாகப் போட்டதும் அதுவும் சரி.

ஆனாலும் தளத்தை நம்பாமல் நானே ஒருமுறை சர்வரோடு பேசிப் பார்த்தேன். எஸ்.எம்.டி.பி.யின் அழகே இதுதான். ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய நெறிமுறை, இன்றைக்கும் மனுஷனே தட்டச்சு செய்து பேசலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் மூலம் 587ஐத் தட்டினால் பேச்சு இப்படிப் போகும்:

சர்வர்: 220, வணக்கம்.
நான்: நான் இன்னார்.
சர்வர்: 250, எனக்கு இதெல்லாம் தெரியும் (ஒரு பட்டியல்).
நான்: உள்ளே விடு. பெயர், கடவுச்சொல்.
சர்வர்: 235, வா.
நான்: அனுப்புவது இவர்.
சர்வர்: 250.
நான்: பெறுவது இவர்.
சர்வர்: 250.
நான்: கடிதத்தைத் தரட்டுமா?
சர்வர்: 354, தா. முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை.
நான்: (கடிதம், கடைசியில் ஒரு புள்ளி)
சர்வர்: 250, வாங்கிக்கொண்டேன்.

2இல் ஆரம்பித்தால் சரி, 3 என்றால் மேலே சொல்லு, 4 என்றால் அப்புறம் வா, 5 என்றால் வராதே. இது தெரிந்தால் பாதிப் பிரச்சினையைப் பதிலின் முதல் எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: பெறுநர் வரியைப் பெரிய 'ஆர்' எழுத்தில் ஆரம்பித்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொண்டு சொதப்பும். சின்ன எழுத்தில் அடியுங்கள், சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசி 250 வந்தாலும் அது 'வாங்கிக்கொண்டேன்'தான். பிள்ளை கையில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதனால் எஸ்.பி.எஃப். எழுதி (ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது), டி.கே.ஐ.எம்.மைப் போட்டு, டிமார்க்கை இப்போதைக்குக் கண்காணிப்பில் மட்டும் வைத்து, சில மணி நேரம் பொறுத்து என் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பினேன். வந்தது. மடலின் ஓரத்து மெனுவில் மூலத்தைக் காட்டச் சொன்னால் மூன்றும் 'பாஸ்'.

அப்புறம் மீதி 135 பேருக்கும் நிமிஷத்துக்கு ஒன்றாகத் திரும்ப அனுப்பினோம். பகிர்ந்து பயன்படுத்தும் சர்வர்களில் மணிக்கு இத்தனைதான் என்று வரம்பு வைப்பாங்க, மொத்தமாகக் கொட்டக்கூடாது. கமிட்டியில் மாமா பேசி கடைசி நாளை ஒரு வாரம் தள்ளிவைத்தார். முதல் மடல் போன கொஞ்ச நேரத்திலேயே உறுதிகள் வர ஆரம்பித்தன. ராத்திரி பதினொன்றரைக்கு ஒன்று, விடியற்காலை நாலரைக்கு ஒன்று. அந்த நேரத்தில் விழித்திருந்து திரும்பத் திரும்ப மெயிலைத் திறந்து பார்த்த பிள்ளை யாரோ! வார முடிவில் 11 என்பது 127 ஆகியிருந்தது. மீதியில் சிலது முகவரியில் எழுத்துப்பிழை. அவங்களுக்கு மாமாவே உட்கார்ந்து போன் பண்ணினார்.

"அக்கறை கிடையாது" என்று சொன்னவர்களிடம் அப்புறம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் படிவத்துக்குக் கீழே இப்போது ஒரு வரி இருக்கிறது: "ஒரு மணி நேரத்தில் மடல் வரவில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." அது மாமா போட்டது. நான் செய்த எல்லாவற்றையும்விட உருப்படியான வேலை அதுதான்.

உங்கள் தளத்திலும் படிவம் இருந்தால் இன்றைக்கே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். சொந்த டொமைன் முகவரி வேண்டாம். ஒரு ஜிமெயில், ஒரு யாஹூ, ஒரு அவுட்லுக் கொடுங்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். திரும்பிவரும் மடல் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கண்டுபிடித்து அதையும் திறந்து பாருங்கள். உங்களுக்கு யாரும் எழுதுவதே இல்லை, கேட்டதற்கு யாரும் பதில் போடுவதே இல்லை என்று வருத்தமாக இருந்தால், அவர்களைக் கோபித்துக்கொள்வதற்கு முன்னாடி இதைச் செய்துவிடுங்கள்.