சுவரில் எழுதிய கணக்கு

நெறியாளராக நான் போட்ட கையெழுத்துகளில் பாதி மறந்துவிட்டது. போடாமல் விட்ட ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

தமிழ்த்துறையில் பிஎச்.டி. பதிந்திருந்த பெண் அவள். வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் பெண்களின் பேச்சை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வணிகவியல்காரனான என்னை இணை நெறியாளராக இருக்கக் கேட்டு வந்தாள். கையில் ஒரு புகைப்படம். பால் ஊற்றும் அம்மா ஒருவரின் அடுப்படிச் சுவர், நிறையக் கரிக்கோடுகள். நிற்கும் கோடு அரை லிட்டர். காசு வந்துவிட்டால் அதன் குறுக்கே ஒன்று. ஒரே ஒரு வரிசையின் கடைசியில் மட்டும் சின்னச் சுழி.

"இது என்னம்மா?"

"அந்த வீட்டுல சாவு விழுந்திருக்கு சார். இந்த மாசம் காசு கேக்கக்கூடாதுன்னு அடையாளம்."

இருபது வருடம் பேரேடும் ஐந்தொகையும் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சுழியை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. "இது நம்ம துறைக்குள்ள வராதேம்மா" என்று அனுப்பிவிட்டேன். தலைப்பை மாற்றிக்கொண்டு பட்டம் வாங்கினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் படிப்பு எவ்வளவு குறுகல் என்பது அப்புறம்தான் புரிந்தது. இந்தோனேசியாவில் ஜாவாவின் சந்தை வியாபாரிகளையும் பாலியின் அரச குடும்பத்துத் தொழில்முனைவோரையும் பற்றி 1963இல் புத்தகம் எழுதிய கிளிஃபர்ட் கீர்ட்ஸ் மானுடவியலாளர். நகரத்தார் வணிகத்தைக் கோயிலோடும் உறவுமுறையோடும் சேர்த்துப் பார்த்த டேவிட் ரட்னரும் அப்படியே. திருப்பூருக்கு வந்த ஷரத் சாரி புவியியல்காரர். பனியன் கம்பெனி முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணம் 'உழைப்பு' என்றபோது, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய பழைய தோட்டங்காடு வரை போனார். முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கிய அந்த வேலை 2004இல் நூலாக வந்தது. எங்கள் நூலகத்தில் அதை வணிகவியல் அடுக்கில் தேடிக் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன்!

ஆய்வு மாணவருக்கு உதவி என்றதும் உதவித்தொகையைத்தான் நினைக்கிறோம். அது வேண்டும்தான், களத்துக்குப் போகும் பஸ் செலவுக்கே பலர் திண்டாடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் என்னிடம் பணம் கேட்கவில்லை. மாதம் ஒரு மணி நேரமும் ஒரு கையெழுத்தும் கேட்டாள்.

இப்போது பணியில் இருக்கும் பேராசிரியர்களே, பக்கத்துத் துறைப் பிள்ளை உங்கள் கதவைத் தட்டினால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். என் அறையில் அவள் கடைசிவரை நின்றுகொண்டேதான் பேசினாள்.