எங்கேயும் போகாதவர்கள் என்ன எழுதுவது?



ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சென்று வந்தோம். ஒன்பது நாள் பயணம். அதற்காக நானும் கணவரும் நான்கு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்தோம். பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராக, "ஜப்பான் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பனி மூடிய புஜி மலையைப் பற்றிச் சொன்னேன். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்த அதிவேக இரயிலைப் பற்றியும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வேறு ஒன்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது இரவு மணி பதினொன்று. கதவு திறந்ததும் ஈரமும் வெக்கையும் கலந்த காற்று முகத்தில் வந்து படிந்தது. நாள்தோறும் நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அதே வெக்கைதான். ஒன்பது நாள்களாகக் குளிரில் மரத்துப்போயிருந்த என் விரல்களுக்கு அது இதமாக இருந்தது. கிள்ளானில் உள்ள வீட்டை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. தங்கை வீட்டில் தங்கியிருந்த அம்மா, எங்களுக்காக அன்று மாலையே திரும்பி வந்து உறங்காமல் காத்திருந்தார். "சாப்பிட்டீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மேசையின்மீது சோறும் மிளகு இரசமும் பொரித்த நெத்திலியும் இருந்தன. விமானத்தில் உண்டிருந்தும் அனைவரும் மீண்டும் உட்கார்ந்தோம். வெளியூரில் எதையும் பாதிக்கு மேல் உண்ணாத என் மகள் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பியது ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலிப்பான். எங்கள் தாமானில் அவர் வராத நாள் அரிது. அந்த ஒலியால் உறக்கம் கலைகிறது என்று பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். அன்று எழுந்து வாசலுக்குச் சென்று, தேவையில்லாவிட்டாலும் தேங்காய்ப்பூ ரொட்டி இரண்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து நலம் விசாரித்தார். நாங்கள் இல்லாத நாள்களில் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு நீர் ஊற்றியவர் அவர்தான். தம் சமையலுக்கு இரண்டு கொத்து பறித்துக்கொண்டதாகவும் சொன்னார். நூறு கொத்து பறித்திருந்தாலும் தகும்.

பிறகு வழக்கமான உணவுக்கடைக்குச் சென்றோம். "வழக்கம்போலத்தானே, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமலே கடைக்காரர் தோசைக்கும் தே தாரேக்குக்கும் குரல் கொடுத்தார். ஜப்பானில் உணவகங்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் உணவு வகைகளை அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள். மொழி அறியாத நாங்கள் அவற்றைச் சுட்டிக்காட்டியே ஒன்பது நாள்களையும் ஓட்டினோம். அங்கே எல்லாரும் எங்களிடம் மிகுந்த பணிவோடு நடந்துகொண்டார்கள். ஆனால் எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது அங்கு யாருக்கும் தெரியாது. இங்கே தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

பெருந்தொற்றுக்குப் பின் மார்ச்சு மாதம் வரை தள்ளிப்போயிருந்த பள்ளி ஆண்டு, 2026இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியிருக்கிறது. முதல் நாள் காலை ஆறரை மணிக்கு மகிழுந்தை எடுத்தபோது வெளியே நல்ல இருட்டு. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அன்றிலிருந்து நம் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். தோக்கியோவில் திசம்பர் மாதச் சூரியன் ஏழு மணிக்கு முன்பே எழுந்து மாலை நான்கரை மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இங்கோ ஏழரை மணிக்குச் சபைகூடலில் நாட்டுப்பண் பாடும்போதுதான் செம்பனை மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் பரவத் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நேரத்தில் நான் அந்தத் திசையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். வரிசை கலைகிறதா, யார் பேசுகிறார்கள் என்பதை மட்டுமே கவனித்திருக்கிறேன். அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

இந்த மனநிறைவோடுதான் நான்காம் ஆண்டு வகுப்பிற்குள் நுழைந்தேன். மாணவர்களுக்காக வாங்கி வந்த பென்சில்களைக் கொடுத்தேன். ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பதையும், ஒரே புத்தகப்பையை ஆறு ஆண்டுகளும் பயன்படுத்துவதையும் கதைபோலச் சொன்னேன். பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்டார்கள். அந்த உற்சாகத்திலேயே வெண்பலகையில், 'விடுமுறையில் நான் சென்று வந்த இடம்' என்று கட்டுரைத் தலைப்பை எழுதினேன்.

முதல் வரிசையில் இருந்த மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், எங்கேயும் போகாதவங்க என்ன எழுதுறது?"

குறும்புக்காகக் கேட்ட கேள்வியன்று. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் என் விடைக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது எனக்குச் சென்ற ஆண்டு நினைவுக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பள்ளி விடுமுறை முடிந்ததும், இதே தலைப்பை அப்போதைய நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்திருந்தேன். லங்காவிக்குச் சென்றதாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். கதிரவன் செங்கதிர் பரப்பினான். உள்ளம் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியது. பிரியா விடை பெற்றார்கள். மாதிரிக் கட்டுரை நூலின் மணம் ஒவ்வொரு வரியிலும் வீசியது. இருபதுக்குப் பதினேழு புள்ளிகள் கொடுத்தேன்.

இன்னொரு மாணவன், விடுமுறை முழுவதும் தன் தாயாரின் நாசி லெமாக் கடையில் உதவியதை எழுதியிருந்தான். அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, வாழையிலையைத் துடைப்பது, சம்பால் கையில் பட்டால் எரிவது, முதல் பொட்டலத்தை யார் வாங்குகிறார்கள் என்று தம்பியோடு பந்தயம் கட்டுவது என ஒன்றரைப் பக்கம். எழுத்துப்பிழைகள் மிகுதி. நான் சிவப்பு மையால், 'தலைப்பை ஒட்டி எழுதவில்லை' என்று குறித்து ஒன்பது புள்ளிகள் கொடுத்தேன். அவன் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி மூடிக்கொண்டு இடத்திற்குத் திரும்பிவிட்டான்.

நண்பர்களே, அவன் எங்கும் போகவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நாள்தோறும் விடியுமுன் ஓர் இடத்திற்குச் சென்று வந்திருக்கிறான். அந்த இடத்திற்குச் சுற்றுலாப் பேருந்து போவதில்லை, அவ்வளவுதான். ஜப்பான் வரை போய்விட்டு வந்து, இரசத்தையும் ரொட்டிக்காரரையும் எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்கும் நான், அதே மகிழ்ச்சியை எழுதிக்கொண்டு வந்த பத்து வயதுச் சிறுவனுக்கு ஒன்பது புள்ளிகள் கொடுத்திருக்கிறேன்.

வெண்பலகையில் இருந்த தலைப்பை அழித்தேன். 'எங்கள் வீட்டுக் காலைப் பொழுது' என்று எழுதினேன். ஒரே ஒரு விதி மட்டும் சொன்னேன்: கட்டுரை நூலில் படித்த வரி எதுவும் வரக்கூடாது, கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் வேண்டும்.

முதல் பத்து நிமிடம் பலர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுதத் தொடங்கினார்கள். காவலர் வேலை முடிந்து விடியற்காலையில் திரும்பும் தாத்தாவின் மோட்டார் சைக்கிள் ஒலியைக் கேட்டால்தான் பாட்டி அடுப்பைப் பற்றவைப்பார் என்று ஒருவன் எழுதியிருந்தான். அக்காள் சடை பின்னும்போது தலையை இழுத்து இழுத்துத் தனக்குக் காலையிலேயே கண்ணீர் வந்துவிடுவதாக ஒருத்தி எழுதியிருந்தாள். கேள்வி கேட்ட மாணவி, குளியலறைக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்பதையும், அதில் முந்துவதற்குத் தான் கையாளும் தந்திரத்தையும் எழுதியிருந்தாள். எந்தக் கட்டுரையிலும் கதிரவன் செங்கதிர் பரப்பவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்போது இன்னும் இருட்டுத்தான்.

அந்த வாரம் ஜப்பானியப் பள்ளிகளைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தியை அறிந்தேன். அன்றாட வாழ்க்கையைப் பிள்ளைகள் தங்கள் சொற்களாலேயே எழுதவேண்டும் என்னும் இயக்கம் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே வளர்ந்திருக்கிறது. போருக்குப் பின் யமகாத்தா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்த முச்சாக்கு செய்க்யோ, தம் மாணவர்களின் எழுத்துகளைத் தொகுத்து 1951ஆம் ஆண்டு 'யமபிக்கோ கக்கோ' என்னும் நூலாக வெளியிட்டார். 'எதிரொலிப் பள்ளி' என்று பொருள் கொள்ளலாம். அதில் சுற்றுலா இல்லை. வறுமையும் உழைப்பும், தாயை இழந்த சிறுவன் தன் குடும்பம் இனி எப்படிப் பிழைக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் இருக்கின்றன. அந்நாட்டில் ஒன்பது நாள் இருந்தும் இதை அறியாமல், வீட்டுக்கு வந்து அம்மா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே அறிந்துகொண்டேன்.

இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கும் அந்த மாணவனை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் தேடிப் பிடித்தேன். பழைய கட்டுரைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா டீச்சர்? பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு."

புள்ளிகளைத் திருத்த எனக்கு வழியில்லாமல் போயிற்று. அன்று நான் தவறாகத் திருத்திவிட்டேன், அது நல்ல கட்டுரை என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆசிரியர் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை போலும். சற்றுப் பொறுத்து, "அம்மா இப்ப சாயங்காலமும் கடை போடுறாங்க, டீச்சர்" என்றான்.

"அதை எழுதிக்கொண்டு வருகிறாயா? நான் படிக்க வேண்டும்" என்றேன்.

"தலைப்பு என்ன, டீச்சர்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. "நீயே ஒன்று வை" என்றேன். தலையாட்டிவிட்டு ஓடினான். இதை எழுதும் நாள் வரையில் அவன் எதுவும் கொண்டு வரவில்லை. கேட்டு நெருக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். "பிள்ளையை எங்கேயும் அழைத்துப் போக முடியவில்லையே" என்று வருந்துவோர் உங்களுள் பலர். பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பு வரும்போது அவசியம் சென்று வாருங்கள். ஆனால் உங்கள் பிள்ளை எழுதுவதற்குத் தேவையானவை உங்கள் அடுப்படியிலும் வாசலிலும் கடையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. இரவு உணவின்போது, "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேட்டு, விடையை இறுதிவரை கேளுங்கள். அவற்றுக்குப் புள்ளி குறைக்காமல் இருக்க ஆசிரியர்களாகிய நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

இன்னும் இருபத்திரண்டு புத்தகங்கள் திருத்த வேண்டியுள்ளது. அம்மா தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ஆறிவிடும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மீண்டும் எழுதுகிறேன்.