துடுப்பு செய்த திருத்தம்

நாற்பத்தாறாம் அகவையில் ஒருவன் புதிதாக ஒன்றைக் கற்கப் புகுந்தால் ஊரார் அவனை இருவகையாகப் பார்ப்பர். ஒரு சாரார் வியப்பர். மறு சாரார் சிரிப்பர். என் இல்லத்தில் இரண்டாம் சாராரே மிகுதி. சென்ற ஆண்டு, ஏரியில் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது, “சின்ன வயதில் கிணற்றில் குதித்ததெல்லாம் போதாதா?” என்று கேட்டுவிட்டு என் துணைவியார் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ஏரி எனக்குக் கற்பித்ததையும், நான் செய்த பழைய பிழை ஒன்றை அது எனக்குக் காட்டிக் கொடுத்ததையும் இம்மலரின் வாயிலாக மாணவர்க்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நீருக்கும் எனக்கும் ஏட்டளவில் நெடுநாள் உறவு உண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நான் எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியத்தில் வரும் நீர்வழிக் கலங்கள் பற்றியது. நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில், பஃறி, புணை எனப் பெயர்களைத் தொகுத்தேன், அவை பயிலும் இடங்களை எண்ணினேன், அட்டவணை இட்டேன். உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த பஃறிகள், இலாயத்துக் குதிரைகளைப் போல வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்ததாகப் பட்டினப்பாலை காட்டும் காட்சியை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பேன். அவ்வுவமையில் குதிரையின் பக்கம் எனக்கு ஓரளவு உரிமை உண்டு. நான் இராவுத்தர் குடியில் பிறந்தவன். அப்பெயரைக் குதிரை வீரரோடும், மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடும் தொடர்புபடுத்திக் கூறுவது வழக்கம். ஆனால் கலத்தின் பக்கம் எனக்கு யாதோர் உரிமையும் இல்லை. பட்டம் பெற்ற நாளில் நான் ஒரு துடுப்பைக் கையால் தொட்டதும் இல்லை.

இக்குறை எனக்கு ஒரு குறையாகவே தோன்றாதிருந்த காலத்தில்தான் அந்நிகழ்ச்சி நடந்தது. ஆண்டு 2009. இளங்கலை முதலாமாண்டு மாணவர்க்கு உவமை பற்றிய பயிற்சி ஒன்று கொடுத்தேன். துடுப்பு நீரைப் பின்னே தள்ளுவது போல உழைப்பாளி இடர்களைப் பின்னே தள்ளுகிறான் என்று கரும்பலகையில் எழுதி, அதனை ஒரு பக்க அளவில் விரித்தெழுதச் சொன்னேன். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவர் என் தொடரையே மறுத்து எழுதியிருந்தார். துடுப்பு நீரைத் தள்ளுவதில்லை. அது நீரில் ஊன்றி நிற்கிறது. படகுதான் அதைக் கடந்து போகிறது. ஆகவே உழைப்பாளி இடரைத் தள்ளிவிடுவதில்லை. இடரிலேயே ஊன்றிக்கொண்டு முன்னே போகிறான். அவர் எழுதியதன் சாரம் இதுவே. நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, பக்கத்தில் ‘கருத்துப் பிழை’ என்று எழுதி, பத்துக்கு நான்கு மதிப்பெண் வழங்கினேன். ஏட்டை வாங்கிப் பார்த்த அம்மாணவர் என் மேசையருகே சற்று நேரம் நின்றார். பிறகு தம் இடத்திற்குப் போய்விட்டார். ஏன் நின்றாய் என்று நான் கேட்கவில்லை.

துடுப்புப் படகு விளையாட்டு சென்னைக்குப் புதிதன்று. 1867இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இன்றும் இயங்கி வருகிறது. கொழும்புப் படகோட்டிகளோடு அது மோதும் போட்டிக்கும் நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. நான் சேர்ந்த சங்கத்திற்கோ அத்தகைய பெருமை ஏதும் இல்லை. புறநகர் ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதனுள் ஏழெட்டுப் படகுகள், அவ்வளவே. பள்ளியில் பயிலும் என் மகன் அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவனை வண்டியில் அழைத்துச் சென்று, அவன் திரும்பும்வரை கரையில் அமர்ந்து நாளிதழ் படிப்பது என் வழக்கம். ஒருநாள் பயிற்றுநர் என்னிடம் வந்தார். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம்.

“சார், இரண்டு மாதமாக இங்கே பேப்பர் படிக்கிறீர்கள். ஒரு நாள் படகில் உட்கார்ந்துதான் பாருங்களேன்.”

என் வயதைச் சொன்னேன். அவர் அதற்கு விடையாகத் தத்து போகானல் என்பவரின் கதையைச் சொன்னார். மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தின் வறண்ட சிற்றூரில் பிறந்து, தந்தையோடு கிணறு வெட்டும் கூலியாக உழைத்தவர் அவர். 2012இல் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்பைப் பிடித்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகுப் போட்டியில் பதின்மூன்றாம் இடம் பெற்றார். 2018இல் ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற குழுவிலும் அவர் இருந்தார். “தண்ணீர் இல்லாத ஊர்க்காரர் சார் அவர்” என்று பயிற்றுநர் முடித்தபோது, தண்ணீர் பற்றி இருநூறு பக்கம் எழுதிய எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

முதல் நிபந்தனை நீச்சல். ஊர்க் கிணற்றில் கற்ற நீச்சல் அதற்குக் கைகொடுத்தது. பிறகு இரு வாரம் தரையிலேயே, படகோட்டுவது போன்ற பொறியில் பயிற்சி. அகராதியில் ‘வலித்தல்’ என்பதற்கு இழுத்தல், துடுப்புப் போடுதல், நோதல் எனப் பல பொருள் கண்டிருக்கிறேன். இப்பொருள்கள் எவ்வாறு ஒரே சொல்லில் வந்து கூடின என்பது மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது விளங்கியது.

துடுப்பு வலிப்பது கைகளின் வேலை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். பெரும்பங்கு கால்களுடையது. இருக்கைக்கு அடியில் சிறு சக்கரங்கள் உண்டு. அது தண்டவாளம் போன்ற இரு கம்பிகளின்மேல் முன்னும் பின்னும் ஓடும். பாதங்களோ ஒரு பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். முழங்காலை மடக்கி முன்சென்று, துடுப்பை நீரில் இறக்கி, காலால் பலகையை உந்த வேண்டும், அதன்பின் முதுகு, கடைசியில்தான் கை. திரும்பும்போது முதலில் கை, பிறகு முதுகு, பிறகு கால். தேமா, புளிமா என்று யாப்பு வாய்பாட்டை மனப்பாடம் செய்த அதே முறையில் இதையும் மனப்பாடம் செய்தேன். யாப்பில் தளை தட்டினால் செய்யுள்தான் கெடும். இங்கே தட்டினால் ஆளே கவிழ்வான்.

ஒருவர் ஓட்டும் பந்தயப் படகின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மிகுதி. எடையோ பதினான்கு கிலோ அளவே. நீரைத் தொடும் அகலம் ஒரு முழம்கூட வராது. நீரின்மேல் நீட்டிக் கிடக்கும் இரு துடுப்புகளே அதற்குத் துலாக்கோல். என் போன்றார்க்குச் சற்று அகன்ற படகையே தருவர். கலம் ஏறுகையில் ஓதும் துஆவை மனத்துள் ஓதிக்கொண்டு அதில் அமர்ந்தேன். அமர்ந்த பின்னரே உணர்ந்தேன், போகும் திசைக்கு என் முதுகு இருந்தது. படகு நேராகப் போகிறதா என்று அறிய, விட்டு வந்த கரையில் ஓர் அடையாளத்தைக் கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் எதிரே தெரிந்த பள்ளிவாசலின் மினாராவைப் பிடித்துக்கொண்டேன். அது விலக விலக, கோணிய படகைத் திருத்திக்கொண்டே போனேன்.

துடுப்பின் அலகு சரியான கோணத்தில் இறங்காவிட்டால் நீர் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடி பின்னோக்கி வந்து வயிற்றில் இடிக்கும். ‘நண்டு பிடித்தல்’ என்று இதற்குப் பெயராம். ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் அடுக்களையில் நண்டு ஏறுவதில்லை. அந்த ஏரியில் மட்டும் நாளொன்றுக்குப் பத்து நண்டுகளேனும் பிடித்தேன். நான்காம் நாள் பிடித்த நண்டு என்னைக் கவிழ்த்தும் விட்டது. நீருக்கு மேலே தலை எடுத்தபோது, அடுத்த படகிலிருந்து என் மகனின் குரல் கேட்டது. “அத்தா, படகை விடாதீங்க! பிடிச்சுக்கிட்டே இருங்க!” அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டில் நான் அவனுக்குச் சொல்லும் குரலிலேயே எனக்குச் சொன்னான்.

கவிழாமல் இருக்கக் கற்ற பின்னரும் படகு நகரவில்லை. நகர்ந்தது என்று சொல்வதைவிடத் தயங்கியது எனல் தகும். முழு வலிமையோடு துடுப்பை இழுப்பேன், நுரை எழும்பும், படகு ஓரடி சென்று சோர்ந்துவிடும். என்னில் பாதி வலிமையும் இல்லாச் சிறுவர்கள் ஓசையின்றி என்னைக் கடந்து போவர். இவ்வாறு ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் பயிற்றுநர் தம் படகை அருகே கொண்டுவந்தார்.

“சார், நீங்கள் தண்ணீரை இழுக்கிறீர்கள். தண்ணீரை இழுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? துடுப்பை ஊன்றுங்கள். அது அங்கேயே நிற்கட்டும். படகை நகர்த்துங்கள்.”

எனக்குப் புரியவில்லை. அவர் ஓர் ஆகாயத்தாமரைச் செடியைக் காட்டினார். அதன் அருகே தம் துடுப்பை இறக்கினார், காலால் உந்தினார், படகு நழுவி ஓடியது. துடுப்பு நீரிலிருந்து வெளிவந்தபோது அந்தச் செடியின் பக்கத்திலேயே வெளிவந்தது. இறங்கிய இடமும் எழுந்த இடமும் ஏறத்தாழ ஒன்றே. இடையில் இடம் மாறியது படகு மட்டும்தான்.

அச்செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரிகள், ஒரு சொல்லும் குறையாமல், நினைவுக்கு வந்தன. என் மேசையருகே நின்ற அந்த மாணவரும் நினைவுக்கு வந்தார்.

அன்று கல்லூரியில் இயற்பியல் துறை நண்பரிடம் இதுபற்றிக் கேட்டேன். நான் எழுதிய தொடர் முற்றும் பொய்யன்று என்றார் அவர். துடுப்பு நீரைச் சிறிதேனும் பின்தள்ளாமல் படகு முன்செல்லாது. நியூட்டனின் மூன்றாம் விதி அதுவே. ஆனால் துடுப்பு நழுவிப் பின்செல்வதில் ஆற்றல் வீணாகிறது. நழுவல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு உழைப்பு படகைச் சேரும் என்றும் விளக்கினார். ஆக, இரு கூற்றிலும் உண்மை உண்டு. என் கூற்று ஏட்டிலிருந்து வந்தது. அவருடையது நீரிலிருந்து வந்தது. பிழை என்று குறிக்கப்பட்டது அவருடையது மட்டுமே.

முன்னாள் மாணவர் மன்றத்தின் உதவியால் அவருடைய தொலைபேசி எண்ணைப் பெற்றேன். இப்போது துறைமுகம் ஒன்றில் பணிபுரிகிறார். என் குரலைக் கேட்டதும் மகிழ்ந்தார். குடும்ப நலம் உசாவினார். செய்தியைச் சொன்னேன். அவர் எழுதியது சரி என்பதை இப்போதுதான் அறிந்தேன் என்றேன்.

“அப்படியா எழுதினேன், ஐயா? ஞாபகம் இல்லையே” என்றார். “அப்பாவோடு கட்டுமரத்தில் போவேன். துடுப்புப் போடும்போது கைக்கே அது தெரியும்.”

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நாலு மார்க்குப் போட்டீங்க, அது ஞாபகம் இருக்குது ஐயா. அதுக்கப்புறம் எங்க ஊர்ச் சங்கதி எதையும் நான் பரீட்சையில எழுதலை. நோட்ஸ்ல இருந்ததையே எழுதினேன், பாஸ் ஆயிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

அச்சிரிப்பில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனால்தான் எனக்கு அது பொறுக்க முடியாததாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, பெரிய வார்த்தை ஐயா” என்றார். மூன்று ஆண்டுகள் அவர் என் வகுப்பில் இருந்தார். கடலைப் பற்றி நான் அவரிடம் கற்றிருக்கக்கூடியவை எத்தனையோ! திமிலைப் பற்றியும் அம்பியைப் பற்றியும் நூலகத்தில் தேடி அலைந்த எனக்கு, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அந்த நூலைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிரிக்காததோடு நின்றிருந்தாலும் தாழ்வில்லை. நான்கு மதிப்பெண்ணால் அதை மூடியும் வைத்தேன்.

இப்போதும் வாரத்தில் மூன்று நாள் ஏரிக்குப் போகிறேன். பந்தயத்திற்கு நான் ஆகேன். அந்த ஆசையும் இல்லை. நண்டுகள் குறைந்துள்ளன. பத்து வலிப்பில் இரண்டோ மூன்றோ நன்றாக அமைகின்றன. அவ்வேளையில் படகின் அடியில் நீர் சலசலத்து ஓடும் ஓசை கேட்கும். அதைக் கேட்பதற்காகவே மற்ற ஏழையும் வலிக்கிறேன்.

வகுப்பறையில் ஒரு மாற்றம் செய்துகொண்டுள்ளேன். மாணவர் ஏட்டில் எனக்கு ஒவ்வாத கருத்தைக் கண்டால் சிவப்பு மையை எடுப்பதில்லை. பென்சிலால், ‘இதை எங்கே கண்டாய்?’ என்று எழுதுகிறேன். பலர் அதற்கு விடை சொல்வதில்லை. கைபோன போக்கில் எழுதியதாகச் சிலர் ஒப்புக்கொள்வர். ஆனால் சென்ற பருவத்தில் ஒரு மாணவர் தம் பாட்டனார் ஏற்றம் இறைத்த முறையைப் பற்றி அரைமணி நேரம் என்னிடம் பேசினார். உழவு பற்றி நான் அதுவரை சொல்லிவந்த விளக்கங்களில் இரண்டைத் திருத்திக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், உங்கள் கையால் அறிந்ததை ஏட்டில் எழுதத் தயங்காதீர்கள். ஆசிரியர் அடிக்கோடிட்டால், மேசையருகே வந்து நிற்பதோடு அமையாமல், வாய் திறந்து சொல்லுங்கள். அன்று நின்றவரிடம் கேட்காமல் விட்டதை இன்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.