கறுப்புக் கையுறைகள்

1894ஆம் ஆண்டு. பாரிஸ் நகரின் பல்சுவை அரங்குகளிலே புகழின் உச்சியில் நின்ற பாடகி இவெத் கில்பேர், தமக்கென வரையப்பட்ட சுவரொட்டி மாதிரியொன்றைக் கண்டு திடுக்குற்று ஓவியருக்கு மடல் எழுதினார். தம்மை இத்துணை விகாரமாக வரைய வேண்டாம், சற்றேனும் குறைத்துக்கொள்ளலாகாதா என்று அம்மடல் மன்றாடியது. வீட்டுக்கு வந்தோர் பலர் அச்சித்திரத்தைக் கண்டு அலறிவிட்டனர் என்றும், எல்லோரும் கலையை மட்டுமே காண்பவரல்லர் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். மடலைப் பெற்றவர் ஆன்றி தெ துலூஸ்-லோத்ரெக். அச்சுவரொட்டி அச்சேறவில்லை.

ஒரு நடிகையின் தற்பெருமை என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது, நியாயமாகாது. முகமே முதலாக வாழ்பவருக்கு அம்முகம் தெருச்சுவர்களில் எவ்வாறு தோன்றும் என்பது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும். எனினும் அதே ஆண்டிலேயே நிகழ்ந்த மற்றொன்று இக்கதையை வேறு திசைக்குத் திருப்புகின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்கு அவ்வரங்குகளின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஓரிரவிலே பாடகர், நடனமாதர், கோமாளிகள், கழைக்கூத்தர் எனப் பலர் வந்து போகும் மேடை அது. பார்வையாளரோ குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் உரையாடிக்கொண்டும் இருப்பர். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் நெஞ்சிற் பதிய விரும்புபவர் தம்மிடமுள்ள ஏதேனும் ஒன்றைப் பெருக்கி, ஏனையவற்றை மறைத்தாக வேண்டும். மெலிந்த நெடிய உடலும் செந்நிறக் கூந்தலும் கொண்ட கில்பேர், ஏறக்குறைய அசையாது நின்றே பாடினார். முழங்கைக்கு மேலும் நீண்ட கறுப்புக் கையுறைகளே அவருடைய அடையாளமாயின. வறுமைக் காலத்திலே மலிவு கருதி அணியத் தொடங்கியவை அவை என்று பின்னாளில் அவரே கூறினார். ஆகவே, கில்பேரை முதன்முதலிற் கேலிச்சித்திரமாக்கியவர் கில்பேரே எனலாம். ஓவியரின் கோடு அவர் தொடங்கியதைத் தொடர்ந்து சென்றது.

லோத்ரெக் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1893இல் 'திவான் ஜப்பொனே' என்ற விடுதிக்கு அவர் வரைந்த சுவரொட்டியிலே முன்னிலையில் அமர்ந்திருப்பவர் நடனக்காரி ஜேன் அவ்ரில். பின்னால் மேடையில் ஒரு பெண் பாடுகின்றாள். அவளுடைய தலையைச் சித்திரத்தின் மேல்விளிம்பு வெட்டிவிடுகின்றது. ஆயினும் அவள் யாரென்பதிற் பாரிஸ் மக்களுக்கு ஐயம் எழவில்லை. கையுறைகளே போதுமாயிருந்தன.

1894இல் குஸ்தாவ் ஜெஃப்றுவாவின் உரையோடு, கில்பேரைப் பற்றிய 16 கல்லச்சுச் சித்திரங்கள் ஒரு தொகுதியாக வெளிவந்தன. நிமிர்ந்த மோவாய், கூரிய மூக்கு, பாதி மூடிய கண்கள், வணங்கும்போது வளையும் முதுகு என எதனையும் ஓவியர் மென்மைப்படுத்தவில்லை. அட்டையிலோ பாடகியே இல்லை. கழற்றிப் போடப்பட்ட கையுறைகள் மட்டுமே கிடக்கின்றன. அச்சிடப்பட்ட 100 பிரதிகளிலும் கையொப்பமிட்டவர், விகாரமாக வரைய வேண்டாமென மன்றாடிய அதே கில்பேர்!

இவ்விசைவுக்குக் காரணம் யாது? புகழாசை என்பது ஒரு விடை. ஆனால் முழுமையான விடையன்று. ஏளனம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். லோத்ரெக்கோ அவரையே மீண்டும் மீண்டும் வரைந்தார். பாடலின் எந்தச் சொல்லில் உதடு சுழிக்கும், எந்த இடத்தில் விரல் மடங்கும் என்பதைத் தவம்போற் கவனித்தார். அந்தக் கவனம் அன்பின் இனத்தைச் சேர்ந்தது. மேலும், பிறருக்குக் காட்டாத சலுகையை அவர் தமக்கும் காட்டிக்கொள்ளவில்லை. 1878இலும் 1879இலும் தொடையெலும்புகள் முறிந்தபின் அவருடைய கால்கள் வளரவில்லை. அக்குறுகிய கால்களையும் வட்டத்தொப்பியையும் தாமே பலமுறை கேலியாக வரைந்து வைத்தார். தன்னை நோக்கித் திருப்பிய பேனாவையே பிறர்மீதும் திருப்புபவனுக்கு ஓர் உரிமை உண்டு.

ஆயினும் அவ்வுரிமைக்கும் எல்லையுண்டு. வரைந்தவர் பெருங்கலைஞர் என்பதனால், வரையப்பட்டவர் பட்ட நோவு பொய்யாகிவிடாது. சித்திரம் எத்துணை உண்மையாயினும், அம்முகத்தோடு மறுநாள் தெருவில் நடக்க வேண்டியவர் அவரே. கேலிச்சித்திரத்தின் பெருமையைப் பேசுவோர் அந்த மடலையும் உடன்வைத்துப் பேசுதலே முறை.

லோத்ரெக் 1901இல், 36 வயதில் மறைந்தார். கில்பேர் பழைய பிரெஞ்சுப் பாடல்களைத் தேடித் தொகுத்துப் பாடி, 1944 வரை வாழ்ந்தார். அன்று அவர் ஏற்க மறுத்த அச்சித்திரம் ஓவியர் பிறந்த அல்பி நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அதன்முன் நிற்பவருக்கு விகாரம் முதலிற் புலப்படுவதில்லை. பாடி முடித்த ஒரு பெண், கைதட்டலை எதிர்நோக்கி நிற்பதே புலப்படுகின்றது.