பற்றரி போன ட்ரில்

கம்பியில்லா ட்ரில் பழுதாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அநேகமாகப் பழுதானது அதன் பற்றரிதான். புதுப் பற்றரிக்குக் கேட்கும் விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ட்ரில்லே வந்துவிடும். ஆகவே பழையது அலுமாரிக்கு மேலே ஏறும், பிறகு பழைய இரும்புக்காரரின் சாக்குக்குள் இறங்கும். இரத்தோட்டையில் தச்சு பாஸ்மார், கூரைத் தகரம் அடிப்பவர்கள், வயரிங் வேலைக்குப் போகும் பொடியன்மார் என்று பலர் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கிறது. நான் வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்வேன். நாங்கள் கட்டும் ரோபோக்களின் சக்கரத்தை ஓட்ட எனக்கு வேண்டியது அதன் கழுத்துக்குள் இருக்கும் கியர்பெட்டி.

திறந்து பார்த்தால் கறுத்த கிரீசுக்குள் ஒரு சின்னக் கோள் மண்டலம். மோட்டர் தண்டில் ஒன்பது பல் சக்கரம். அதைச் சுற்றி மூன்று சக்கரங்கள். அவற்றைச் சுற்றி உட்பக்கம் பல் வெட்டிய வளையம். வளையத்துக்கு 45 பல் என்றால், நடுச்சக்கரம் ஆறு முறை சுற்றும்போது மூன்றையும் தாங்கும் தட்டு ஒரு முறைதான் சுற்றும். அந்தத் தட்டின் மறுபுறம் இன்னொரு சின்னச் சக்கரம், இன்னொரு மூன்று, இன்னொரு வளையம். ஆறாறு முப்பத்தாறு. நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடும் மோட்டர் 550 சுற்றுக்கு இறங்கி, வேகத்தில் விட்டதைப் பலத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. 10 சென்ரிமீற்றர் சக்கரம் ஒன்றைப் பூட்டினால் வினாடிக்கு மூன்று மீற்றருக்குக் கிட்டப் போகும். பாரத்தை மூன்று சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்வதால் உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டி சுலபத்தில் உடையாது. இதைத் தனியாகச் செய்விக்கப் போனால் ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

ட்ரில்லைப் பிரித்து ரோபோவுக்குப் பூட்டுவது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. 1994இல் மார்க் தோர்ப் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோபோ வோர்ஸ்' என்று சண்டை ரோபோக்களை மோதவிட்ட காலத்திலிருந்தே கராஜில் ரோபோ கட்டுகிறவர்களுக்கு ட்ரில் ஒரு கற்பக தரு. அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் 'ஃபர்ஸ்ட்' மாணவர் போட்டியில், 2000களின் தொடக்கத்தில் அணிகளுக்குக் கொடுத்த உதிரிப்பாகப் பெட்டியிலேயே போஷ் ட்ரில்லின் மோட்டரும் கியரும் இருந்தன. அங்கே அது வசதி. இங்கே இலங்கையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது, வெளியிலிருந்து கியர்மோட்டர் எடுப்பிக்கும் பேச்சே நின்றுபோனது. பழைய ட்ரில்லும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும்தான் கதி.

கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ட்ரில்லின் வாயை முழுக்கத் திறந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அது இடமரை, வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதன் பிறகு வாயில் பெரிய ஆலன் கீ ஒன்றைக் கவ்வவைத்து, இடப்பக்கமாகச் சுத்தியலால் ஒரே அடி. வெளியே வரும் தண்டின் மரை பல ட்ரில்களில் அங்குலக் கணக்கு. ஹாட்வெயார் கடையில் எடுக்கும் மில்லிமீற்றர் நட் அதில் ஏறாது.

அடுத்தது கிளச். கடைசி வளையம் பெட்டியோடு ஒட்டியிருக்காது. அதன் முகத்தில் சின்ன மேடுகள். மேடுகளுக்கு இடையே உருக்குக் குண்டுகள். குண்டுகளை ஒரு ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ இறுகியதும் குண்டுகள் மேட்டைத் தாண்ட, வளையம் சும்மா சுழலும். அந்த 'டகடக' சத்தம் அதுதான். ஸ்க்ரூவுக்கு இது நல்லது, ரோபோவுக்கு ஆகாது. முட்டித் தள்ளுகிற நேரத்தில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றி, குண்டு இருந்த ஓட்டைகளில் ஸ்க்ரூ இறக்கி வளையத்தைப் பூட்டிவிடுகிறோம்.

தோட்டத்து லயத்திலிருந்து வரும் பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "கிளச்ச லொக் பண்ணிட்டா மோட்டரு எரிஞ்சிறாதா மாமா?" என்றான்.

"எரியும் தம்பி, சக்கரம் வழுக்காட்டி" என்றேன்.

ரோபோவின் எடையும் சக்கரத்தின் அளவும் சரியாக இருந்தால், மோட்டர் திணறி நிற்கும் முன்பே சக்கரம் தரையில் வழுக்கிவிடும். பெரிய சக்கரத்தைப் பூட்டி, எடையையும் ஏற்றினால் சக்கரம் வழுக்காது. மோட்டர் நின்ற இடத்திலேயே நூறு ஆம்பியர் அளவுக்கு இழுத்துப் புகையும். அவன் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு இதில் பிடித்த சிக்கல் வேறொன்று. ட்ரில் நேராகக் குத்தப் பிறந்தது. அதன் தண்டு நேரே வரும் அழுத்தத்தைத் தாங்கும். சக்கரமோ ரோபோவின் முழுப் பாரத்தையும் பக்கவாட்டில் தொங்கவிடுகிறது. கொஞ்ச நாளில் தண்டு ஆட்டம் கண்டுவிடும். சக்கரத்துக்கு வெளிப்புறமும் ஒரு பெயாரிங் வைத்துத் தாங்கவேண்டும். பெட்டியை ரோபோவில் பொருத்துவதும் லேசல்ல, அதன் வெளியுருவம் உருண்டையும் அல்ல, சதுரமும் அல்ல. பலாக்கட்டையில் ஓட்டை போட்டு, அதை இரண்டாக அறுத்து, நடுவே பெட்டியை வைத்து நீள போல்டால் இறுக்குகிறோம். அலுமினியத்தில் செய்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும். பலா எங்களுக்குப் போதும்.

சில ட்ரில்களில் மோட்டர் ஓடாதபோது வெளியிலிருந்து தண்டைத் திருப்ப முடியாதபடி ஒரு பூட்டும் இருக்கும். ஓடும் ரோபோ சட்டென்று அடங்கும்போது அது கடகடவென்று சிக்கும் என்று பலரும் கழற்றிவிடுவார்கள். ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் பாதையின் அடியில் இருக்கும் எங்களுக்குச் சமதரை அபூர்வம் என்பதால் ஒன்றிரண்டில் விட்டுவைத்திருக்கிறோம். சரிவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும்.

இப்போது வரும் ட்ரில்களில் பிரஷ் இல்லாத மோட்டர். மூன்று வயர், தனிக் கட்டுப்பாட்டுப் பலகை. நேராகப் பற்றரியில் கொடுத்தால் ஓடாது. கியர்பெட்டி மட்டும் அதே பழைய சங்கதிதான். எங்கள் தச்சு பாஸ் போன மாதம் அப்படி ஒன்று வாங்கினார். அதன் பற்றரி சாக நாலைந்து வருடமாவது ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். பையன் கேட்கவில்லை, இப்போதே அவரிடம் போய்ச் சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறான்.